நூற்றறுபது டிகிரி

புதுக் கோச் யாரென்று
பிரின்சிபால் வாய் திறப்பதற்கு முன்னால்
எனக்குத் தெரிந்துவிடும்.
மர்ஃபி டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஷட்டர் பாதி இறங்கிய கடையில்
நூற்றறுபது டிகிரியில், பதினைந்து விநாடி,
அவர் பெயரை டிராக்சூட் முதுகில் அழுத்துகிறவள் நான்.

போன ஜூனில் ஏரிக்கரை காலேஜுக்கு
மெனேசிஸ் என்று வந்தது.
ஆங்கிலத்தில் ஏழெழுத்து, அதில் மூன்று ஈ.
என்னிடம் இரண்டுதான் மிச்சம்.
மூன்றாவதை
எஃப்புக்கு அடியில் ஒரு கீற்று ஒட்டிச் செய்தேன்.

வெளியே டீக்கடையில் ஒரே சத்தம்.
"கோவாக்காரன்பா, பாஸிங் சொல்லித் தருவான்,
எழுதி வெச்சுக்கோ, ஃபைனல்."
"நம்ம பசங்களுக்குப் பாஸிங் எதுக்கு? ஓட விடு."
ஆட்டோ ரஹமத்துல்லா செமி ஃபைனல் என்றார்.
கம்பெனி டீமில் லெஃப்ட் பேக்காய் இருந்து
முட்டி போன டென்னிசன்
ரெண்டாவது ரவுண்டோடு மூட்டை என்றார்.
பார்சல் கொண்டுவந்த பையனைக்கூடக் கேட்டார்கள்.
என்னைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
பத்தாம் நம்பர் வேண்டுமென்று
நாலு பேர் சண்டை போட்ட டீம் அது.
மூன்றாம் நம்பரை யாரும் தொடவில்லை;
கடைசியில் சீட்டுக் குலுக்கி
காய்ச்சலில் வராத பையன் தலையில் கட்டினார்கள்.
இடது பக்கம்
தாழ்ப்பாள் இல்லாத கதவு.

நாலு கோல் வாங்கினார்கள்.
மூன்று அந்தப் பக்கமாக.
ஆஸ்டின் டவுன் கிரவுண்டில் அன்று நல்ல மழை,
கோட்டுக்கு வெளியே கையை வீசிக் கத்திய
மெனேசிஸின் முதுகில்
என் கீற்று உரிந்து தொங்கியது.
தசராவுக்கு முன்னாலேயே
அவர் மட்காவுக்கு ரயிலேறிவிட்டார்.

எப்போதும் சரியாகச் சொல்வேன் என்றில்லை.
பைரசந்திரா காமர்ஸுக்கு
ஒரு கபடி மாஸ்டரைக் கோச்சாகப் போட்டார்கள்.
யாருக்கோ மச்சினராம்.
ஆஃப்சைடு என்றால் என்ன என்று
என்னிடமே கேட்டார் மனுஷன்.
கடைசி இடம்தான் என்று முடிவு கட்டி
முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டேன்.
கப் அவர்களுக்கு.
ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து
அவர் கொடுத்தபோது
காலிப் பெட்டியைத் திருப்பித் தருகிற சாக்கில்
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த வருஷம் மூன்று பெயர் அடிபடுகிறது.
பெர்னாட் சுந்தர், பழைய கோல்கீப்பர்.
சாய் செண்டரில் இருந்த கஜேந்திரன்.
கொல்கத்தாவிலிருந்து யாரோ ஒரு சர்க்கார்,
அவர் சம்பளம் கேட்டதில்
மேனேஜ்மெண்ட்டுக்கு நெஞ்சு வலியாம்.

காலையில் ஃபிசிக்கல் டைரக்டர் சோமண்ணா வந்தார்,
நீல டிராக்சூட்டோடு.
துண்டுச் சீட்டில் ஒரே சொல்: கோச்.
பெயர்?
"பேடம்மா. வருஷா வருஷம் உரிக்கிறதுக்கு வேற காசு."

விரித்துப் பார்த்தேன்.
பழைய துணிதான்.
வெளுத்த நீலத்தில் வெளுக்காத ஏழு நிழல்.
ஆறாவது மட்டும் கொஞ்சம் கோணல்.
அதன் மேலேயே அடித்தேன்,
கோச்.

சாயங்காலம் டென்னிசன்
கடை வாசலில் வந்து நிற்கிறார், முதல்முறையாக.
"ஜெசிந்தா, உனக்குத் தெரியாம இருக்குமா? யாரு?"
எனக்கும் தெரியாது என்று சொல்ல
நாக்கு வரவில்லை.
"சைஸ் லார்ஜ். அதுக்கு மேல கேக்காதீங்க."

"லார்ஜா! அப்போ பெர்னாட்தான்!"
"கஜேந்திரன் என்ன மீடியமா?"
"சர்க்காரைப் பாத்திருக்கியா நீ?"
டீ ஆறிப்போகிற அளவுக்கு நடக்கிறது.
அது மெனேசிஸின் அளவு என்பதை
நான் ஏன் சொல்ல வேண்டும்?

அவர்களிடம் சொல்லாத இன்னொன்று உண்டு.
நேற்று ஐஸ்வாலிலிருந்து சேர்ந்த பையன்,
லால்ரின்முவானா, வரிசையில் முதல் ஆள்,
பத்து, ஏழு, ஒன்பது எல்லாம் மேஜையில் கிடக்க
ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல்
மூணு என்றான்.

கோச் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும்.
அரையிறுதி.
அவன் நம்பரை மட்டும்
இரண்டு விநாடி கூடுதலாக அழுத்தியிருக்கிறேன்.